ஒற்றைக் காலில் பத்து விநாடி

முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் உடம்பு லேசாக ஆடுகிறதா? கை தானாகவே வாஷ்பேசினின் விளிம்பைத் தேடுகிறதா? பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆனால் யாரும் கேட்பதில்லை.

கேள்வியின் வேர் பெர்லினில் இருக்கிறது. 1840களில் அங்கே மோரிட்ஸ் ரோம்பெர்க் என்ற மருத்துவர் நரம்பு நோய்களைப் பற்றி எழுதிய பாடநூலில் ஒரு வகை நோயாளிகளை வருணித்தார். கண் திறந்திருக்கும்வரை அவர்கள் நிற்பார்கள். கண்ணை மூடச் சொன்னால் தள்ளாடுவார்கள். முற்றிய மேகநோய், அதாவது சிபிலிஸ், தண்டுவடத்தின் பின்பக்க நரம்புப் பாதையை அரித்ததால் வந்த நிலை அது. அவர்களின் காலில் வலு குறையவில்லை. கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற தகவல்தான் மூளைக்குப் போய்ச் சேரவில்லை. அந்தக் குறையைக் கண்ணைக் கொண்டு ஈடுகட்டி வந்தார்கள். பென்சிலின் வந்த பிறகு அந்த நோய் அரிதாகிவிட்டது. ரோம்பெர்க்கின் சோதனை மட்டும் மருத்துவமனைகளில் தங்கிவிட்டது. இன்று அதில் தள்ளாடுகிறவர்களில் கணிசமானோர் நீரிழிவால் நரம்பு கெட்டவர்கள்.

சென்னையிலிருந்து வழிநடத்தப்பட்ட ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்ற எண் பலரை உலுக்கியது. வயது வந்தோரில் 11.4 விழுக்காடு. புதுச்சேரியில் மட்டும் 26.3 விழுக்காடு, ஏறக்குறைய நாலில் ஒருவர். நீரிழிவு உள்ளவர்களில் பாதிப் பேருக்காவது காலப்போக்கில் நரம்பு பாதிக்கப்படும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட மதிப்பீடு. அந்தப் பாதியிலும் பலருக்கு எரிச்சலோ குத்தலோ எதுவும் தெரியாது. மரத்துப்போனதே தெரியாமல் மரத்திருக்கும்.

சர்க்கரை நோய் என்றதும் கண், சிறுநீரகம், ஆறாத புண், விரலை எடுப்பது என்று பயப்படப் பழகியிருக்கிறோம். கீழே விழுவது அந்தப் பட்டியலில் இல்லை. 'அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க' என்று தகவல் வந்தால் பழியை ஈரத் தரைமீதும் வயதுமீதும் போட்டுவிட்டு, உடைந்த இடுப்பெலும்புக்கு அறுவைச் சிகிச்சைக்கு ஓடுகிறோம். தரையில் ஈரம் இருந்தது உண்மைதான். அதே ஈரத் தரையில் காலையில் மருமகளும் நடந்தாள். அவள் பாதமும் ஒரு கணம் வழுக்கியிருக்கலாம். வழுக்கியதை உணர்ந்து, விழுவதற்குள் அவள் கால் தன்னைத் திருத்திக்கொண்டது. மாமியாரின் காலுக்கு அந்தச் சேதி தாமதமாக வந்தது, அல்லது வரவே இல்லை.

சமநிலை என்றால் கால் வலு என்று நினைத்துக்கொள்கிறோம். பாதிக்கு மேல் அது தகவல் சம்பந்தப்பட்ட விஷயம். நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடல் கணுக்காலை அச்சாகக் கொண்டு ஓயாமல் சிறிது சிறிதாக ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. கெண்டைக்கால் தசைகள் அந்த ஆட்டத்தை ஓயாமல் பிடித்து நிறுத்துகின்றன. அதற்கான செய்தி மூன்று இடங்களிலிருந்து வருகிறது: கண், உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு, காலின் தசை, மூட்டு, பாதத்தோல் ஆகியவற்றில் உள்ள உணர்விகள். தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சொல்ல ஒரு வகை உணர்வி, பாதத்தில் எந்த இடத்தில் எடை அழுத்துகிறது என்று சொல்ல வேறு சில வகை. உடலுக்குள்ளிருந்தே வரும் இந்த நிலையுணர்வுக்கு 1906இல் பெயர் சூட்டியவர் ஆங்கிலேய உடலியலாளர் சார்ல்ஸ் ஷெரிங்டன். வெளிச்சத்தில், உறுதியான தரையில் நிற்கும்போது மூளை எதை எவ்வளவு நம்புகிறது என்று அமெரிக்கரான ராபர்ட் பீட்டர்கா 2002இல் அளந்து காட்டினார். கால்களிலிருந்து வருவது சுமார் 70 விழுக்காடு, உட்காதிலிருந்து 20, கண்ணிலிருந்து வெறும் 10. ஆரோக்கியமான மனிதன் பெரும்பாலும் பாதத்தை நம்பித்தான் நிற்கிறான். நீரிழிவு முதலில் கைவைப்பதும் அங்கேதான்.

ஏன் பாதம்? கட்டைவிரல் நுனியைத் தொட்டால் அந்தச் சேதியை ஏந்திச் செல்லும் நரம்பு இழை, இடுப்பு முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கும் ஓர் உயிரணுவின் நீட்சி. ஒற்றை உயிரணு, அதற்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள வால். வாலின் நுனிக்குத் தேவையான புரதமும் பழுதுபார்க்கும் பொருளும் பெரும்பாலும் அந்த உயிரணுவில் தயாராகி, நீளம் முழுக்கப் பயணம் செய்துதான் போய்ச் சேர வேண்டும். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல் என்பது டெல்டா விவசாயிக்குத் தெரியும். அதிகச் சர்க்கரை நரம்பிழையின் ஆற்றல் உற்பத்தியையும், அதற்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களையும் கெடுக்கும்போது, முதலில் பட்டுப்போவது மிக நீண்ட இழைகளின் நுனி. அதனால்தான் மரமரப்பு விரல்களில் தொடங்கி, காலுறை போட்டதுபோல இரண்டு காலிலும் ஒரே அளவாக ஏறுகிறது. முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரல் நுனிகளும் மரக்கத் தொடங்கும்.

நோயாளிகள் இதைச் சொல்லும் விதம் பாடநூலைவிடத் துல்லியம். 'மெத்தை மேல நடக்கிற மாதிரி இருக்கு' என்பார்கள். 'செருப்பு கழண்டு விழுந்தது தெரியல, வீட்டுக்கு வந்துதான் பாத்தேன்' என்பார்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்ட குடும்பத்தார் பொதுவாகச் சிரிப்பார்கள். மருத்துவர் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

உணர்வு போனதோடு முடிவதில்லை. பாதத்துக்குள் இருக்கும் சின்னஞ்சிறு தசைகள் மெலிந்து விரல்கள் கொக்கிபோல மடங்குகின்றன. தரையைப் பற்றும் பரப்பு குறைகிறது. கணுக்காலை உயர்த்தும், பக்கவாட்டில் திருப்பும் தசைகள் சோர்கின்றன. நிற்கும் மேடையைத் திடீரென நகர்த்திச் செய்த ஆய்வுகளில், நரம்பு பாதிக்கப்பட்டவர்களின் கால் தசை எதிர்வினை 20 முதல் 30 மில்லி விநாடி தாமதமாக வந்தது. கேட்க அற்பமாகத் தெரியும். தடுக்கியவன் தப்பிப்பதற்கு இருக்கும் நேரமே ஒரு விநாடியின் சிறு பங்குதான். கணுக்காலை நம்ப முடியாதபோது உடல் இடுப்பை வளைத்துச் சமாளிக்கப் பார்க்கிறது. சமதளத்தில் இது ஓடும். படிக்கட்டில் காலை வாரிவிடும்.

நரம்பு மட்டுமே குற்றவாளி என்று சொல்லிவிடவும் கூடாது. விழித்திரை கெட்டிருந்தால் ஈடுகட்ட வேண்டிய கண்ணும் போச்சு. எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் இறங்கித் தலை கிறுகிறுக்கலாம். சர்க்கரை தாழ்ந்து கால் துவளலாம். மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறைந்து, அதுவும் தன் பங்குக்கு நரம்பைக் கெடுக்கலாம். தள்ளாட்டத்துடன் வருகிறவருக்கு உடற்பயிற்சிச் சீட்டு எழுதுவதற்கு முன்னால், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அழுத்தம் பார்ப்பதும் பி12 பார்ப்பதும் முறை.

போன நரம்பைக் கொண்டுவர முடியாது என்றால் பயிற்சியால் என்ன பயன்? இதற்கான முதல் விடை சுவிட்சர்லாந்தில் ஹைடன் என்ற சிற்றூரிலிருந்து வந்தது. செஞ்சிலுவைச் சங்கம் உருவாகக் காரணமான ஆன்றி துனான் தம் கடைசிக் காலத்தைக் கழித்த அதே ஊர். 1880களில் அங்கே ஹைன்ரிஷ் ஃப்ரெங்கல் என்ற மருத்துவர் ரோம்பெர்க் வருணித்த அதே நோயாளிகளைக் கவனித்துவந்தார். கையை நீட்டி விரலால் மூக்கைத் தொடும் சோதனையில் ஒருவர் படுமோசமாகத் தோற்றார். சில மாதம் கழித்துத் திரும்பி வந்தவர் அதே சோதனையை வெகு நன்றாகச் செய்தார். நோய் குறையவில்லை, அப்புறம் எப்படி என்று கேட்டபோது, அடுத்த முறை தேறிவிட வேண்டும் என்று வீட்டில் பழகிப் பார்த்தேன் என்றாராம். மருத்துவ வரலாற்றில் இப்படிச் சொல்லப்படும் இந்தச் சம்பவத்தில் எனக்குப் பிடித்தது, கண்டுபிடிப்பின் பெரும்பங்கு நோயாளியுடையது என்பது. மருத்துவரின் பெருமை அதைத் தட்டிக் கழிக்காமல் பிடித்துக்கொண்டதில் இருக்கிறது.

ஃப்ரெங்கல் அதிலிருந்து ஒரு பயிற்சி முறையையே வகுத்தார். முதலில் படுத்துக்கொண்டு குதிகாலைப் படுக்கைமேல் மெல்ல இழுத்து நீட்டுவது, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று, கடைசியில் தரையில் வரைந்த பாதச் சுவடுகளின்மேல் அடியெடுத்து வைப்பது. எல்லாம் மெதுவாக, எண்ணிக்கை சொல்லி, காலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே. எடை தூக்குவது கிடையாது. நோக்கம் தசை வளர்ப்பது அல்ல. மிச்சமிருக்கும் தகவலை வைத்து ஒழுங்காக அசைய மூளையைப் பழக்குவது. மேகநோய் விட்டுச்சென்ற இந்தப் பயிற்சிகள் பிசியோதெரபி பாடத்திட்டத்தில் இன்றும் அவர் பெயரிலேயே இருக்கின்றன. நம்மூர் மாணவர்களும் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள்.

நீரிழிவுக்கு இந்த யோசனை வருவதற்கு ஏன் இவ்வளவு காலம் ஆனது என்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதில் வேலூருக்குப் பங்கிருக்கிறது. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயால் தாமாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் ஓயாமல் காயப்பட்டுத்தான் அழிகின்றன என்று அவர் நிறுவினார். ஒரே இடத்தில் ஆயிரம் முறை விழும் மிதமான அழுத்தம் போதும், புண்ணாக. பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்று, உணர்விழந்த நீரிழிவுப் பாதத்துக்கும் இதே விதி பொருந்தும் என்று காட்டினார். சர்க்கரை நோயாளிகள் இன்று கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பும் தொழுநோயாளிகளுக்காக நம் பக்கத்தில் புழக்கத்துக்கு வந்ததுதான். பிராண்ட் சொன்னது சரி. ஆனால் அதிலிருந்து மருத்துவ உலகம் மிகையான ஒரு முடிவுக்குப் போனது: பாதம் மரத்தவர் காலில் எடை ஏற்றும் பயிற்சியே செய்யக் கூடாது, நீச்சல், சைக்கிள், நாற்காலிப் பயிற்சி போதும். நிற்கப் பழகாதவர் எப்படி நிற்கக் கற்பார்?

அமெரிக்காவில் மிசூரியில் ஜோசப் லெமாஸ்டரின் குழு இதைச் சோதித்தது. பாதம் மரத்த 79 பேர். ஒரு பகுதியினருக்குக் கால் வலுவூட்டும் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, படிப்படியாக நடை. 2008இல் வெளிவந்த முடிவின்படி, ஓராண்டில் அவர்களுக்குப் புண்கள் கூடவில்லை. பாதத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு, சரியான செருப்புடன் செய்தால் எடை தாங்கும் பயிற்சி ஆபத்தல்ல என்று தெரிந்ததும், 2010 அளவில் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் தன் பழைய எச்சரிக்கையைத் தளர்த்தியது.

பயன் கிடைக்கிறதா என்பதற்கும் சோதனைகள் உண்டு. மிச்சிகனில் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் 2001இல் வெளியிட்ட ஆய்வு சிறியது, மொத்தமே 20 பேர். கணுக்காலை மையமாக வைத்த பயிற்சியை மூன்றே வாரம் செய்தவர்கள் ஒற்றைக் காலில் முன்னைவிட நீண்ட நேரம் நின்றார்கள். வேறு வகைப் பயிற்சி செய்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஜெனீவாவில் லாரா அலே 2010இல் வெளியிட்டது இன்னும் பெரியது: 71 பேர், வாரம் இரண்டு முறை, 12 வாரம். பயிற்சி பெற்றவர்களின் நடைவேகம் விநாடிக்குச் சுமார் 15 செ.மீ. கூடியது, சமநிலை தேறியது, விழுந்துவிடுவோமோ என்ற அச்சமும் தணிந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலானவை நிலைத்திருந்தன; கெண்டைக்கால் வலு போன்ற சில மட்டும் பழையபடி சரிந்திருந்தன. விட்டால் போய்விடும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் மிசூரி ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. பயிற்சி செய்தவர்கள் குறைவாக விழவில்லை. சமநிலை அளவுகளில் வந்த முன்னேற்றமும் சொற்பமே. இந்தத் துறையைப் பற்றி உற்சாகமாக எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். என் வாசிப்பில் காரணம் இது: அந்தத் திட்டத்தின் நீண்ட பகுதி நடையைக் கூட்டுவதாகவே இருந்தது. சமநிலை தேற வேண்டுமானால், உடல் சற்றே தடுமாறும் எல்லையில் பழக வேண்டும். 2019இல் வெளியான கோக்ரேன் தொகுப்பாய்வு 108 சோதனைகளை, 23,407 முதியவர்களை எடுத்துக்கொண்டது. உடற்பயிற்சி மொத்தத்தில் விழுவதை 23 விழுக்காடு குறைத்தது. அந்தப் பலனைத் தெளிவாகத் தந்தவை சமநிலையையும் அன்றாட அசைவுகளையும் பழக்கும் பயிற்சிகள். வெறும் நடையால் விழுவது குறையும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் சிட்னியின் கேத்தரின் ஷெரிங்டன். நிலையுணர்வுக்குப் பெயர் வைத்தவரோடு இப்படி ஒரு பெயர்ப் பொருத்தம்.

நம்மூர் நீரிழிவு மருத்துவமனையில் உடற்பயிற்சி என்றால் 'தினமும் முக்கால் மணி நேரம் நடங்க' என்பதோடு முடிந்துவிடுகிறது. சர்க்கரைக்கு நடை மிக நல்லது. விழாமல் இருக்க அது போதாது. பூங்காவின் சமதளப் பாதையில் கைவீசி நடப்பதில் மூளைக்குப் புதிதாகத் தீர்க்க வேண்டிய சிக்கல் எதுவும் இல்லை.

சரி, என்னதான் செய்வது? இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அறையின் மூலை சிறந்தது: முதுகுக்கு இரண்டு சுவர், முன்னால் கனமான நாற்காலியின் சாய்மானம். இல்லையென்றால் சமையல் மேடை; அசையாது, இடுப்பளவு உயரம், காசு கிடையாது. தரை காய்ந்திருக்க வேண்டும், பின்வார் வைத்த செருப்பு காலில் இருக்க வேண்டும், முதல் சில வாரம் வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கணுக்காலிலிருந்து ஆரம்பிக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும், உள்ளும் வெளியும் திருப்புவது. கட்டைவிரலால் காற்றில் 'அ'விலிருந்து எழுதிப் பார்ப்பது. 'ஔ' வருவதற்குள் கணுக்காலைச் சுற்றிய தசைகள் அத்தனையும் வேலை செய்திருக்கும். பக்கவாட்டுத் திருப்பலைச் சில்லறை என்று நினைக்கக் கூடாது. ஒற்றைக் காலில் நிற்கும்போது உடலைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவது அந்தத் தசைகள்தான், ரிச்சர்ட்சன் குறிவைத்ததும் அவற்றைத்தான். அடுத்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ஒரு பத்து முறை. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குவதில்தான் தொடைக்கு வேலை. பிறகு மேடையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்புவது, குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது.

அதன்பின்தான் உண்மையான சமநிலைப் பயிற்சி வருகிறது. பாதங்களைச் சேர்த்து வைத்து அரை நிமிடம். அது எளிதானால் ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னால் வைத்து. அதுவும் எளிதானால் ஒரு குதிகாலுக்கு முன்னால் மற்றதை ஒட்டி, ஒரே கோட்டில். கடைசியில் ஒற்றைக் காலில். மாமல்லபுரத்துத் தபசுச் சிற்பத்தில் முனிவர் ஒற்றைக் காலில் நின்று கையைத் தலைக்குமேல் தூக்கியிருக்கிறார், கீழே பூனையும் முன்கால்களைத் தூக்கி நிற்கிறது. கையைத் தூக்கினால் உடலின் எடைமையம் மேலேறி நிற்பது கடினமாகும்; எனவே முனிவரைப் பார்த்துச் செய்யும் காலம் கடைசியில் வரட்டும். நின்றபடி தலையை மெல்லத் திருப்புவது, அலமாரியிலிருந்து எதையாவது எட்டி எடுப்பது, தண்ணீர் டம்ளரைக் கைமாற்றுவது, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்வது என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். பேசிக்கொண்டே நடக்கும்போதும் யாராவது கூப்பிட்டுத் திரும்பும்போதும் விழுகிறவர்கள் உண்டு என்பதால் இதற்கும் தனியே பழக்கம் வேண்டும். பிறகு தாழ்வாரச் சுவரோரமாக அடிமேல் அடி வைத்து, பக்கவாட்டில், பின்னோக்கி நடப்பது. சுருட்டிப் போட்ட துண்டுகளைத் தாண்டுவது.

பிடிமானத்தைக் குறைத்துக்கொண்டே போவதுதான் முன்னேற்றத்தின் அளவு: இரண்டு கை, ஒரு கை, ஒரு விரல், பிறகு சுவர் ஒரு சாண் தூரத்தில். இந்த ஒற்றை விரலுக்குப் பின்னால் அழகான அறிவியல் இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் ஜெகா, ஜேம்ஸ் லாக்னர் இருவரும் 1994இல் காட்டினார்கள்: தாங்கிப் பிடிக்கவே முடியாத அளவு லேசாக, 100 கிராமுக்கும் குறைவான அழுத்தத்தில், விரல்நுனி ஒரு பொருளைத் தொட்டாலே உடலின் ஆட்டம் வெகுவாகக் குறைகிறது. விரல் எடையைத் தாங்கவில்லை. உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. பாதம் மரத்தவர்களிடமும் இது வேலை செய்வதைப் பின்னர் வந்த ஆய்வுகள் கண்டன. கைத்தடியும் அப்படித்தான். தடி பிடித்தால் ஊரில் கிழவன் என்பார்கள் என்று கூச்சப்படுகிறவர்களிடம் சொல்ல வேண்டியது, அது மூன்றாவது கால் இல்லை, தரையைத் தொட்டுச் சேதி சொல்லும் நீண்ட விரல் என்பது. மேடுபள்ளமான தெருவிலும் இருட்டிலும் அது மிகவும் உதவும்.

கண்ணை மூடிச் செய்வதும் மெத்தைமேல் நிற்பதும் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் மட்டும். யூடியூபைப் பார்த்து ஆரம்பிக்கிறவர்கள் முதலில் தாவுவது இவற்றுக்குத்தான்.

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், எட்டு முதல் பன்னிரண்டு வாரம் செய்தால் வித்தியாசம் தெரியத் தொடங்கும். என்ன மாறுகிறது? பெரும்பாலும் மூளையின் கணக்கு. பாதம் தராத செய்திக்கு வைத்திருந்த நம்பிக்கையைக் கண்ணுக்கும் உட்காதுக்கும், இன்னும் உயிரோடிருக்கும் முழங்கால், இடுப்பு நரம்புகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. கணுக்கால் தசை வேகமாக முறுக்கேறப் பழகுகிறது. நரம்பே தழைக்குமா என்ற கேள்விக்குச் சிறு நம்பிக்கை உண்டு: கேன்சாஸில் 17 பேர் பத்து வாரம் பயிற்சி செய்தபின் தோலின் நுண்ணிய நரம்பிழைகளில் கிளைகள் கூடியிருந்தன, வலியும் குறைந்திருந்தது. பதினேழு பேரை வைத்துக் கொடி ஏற்ற முடியாது. அது வந்தால் லாபம் என்று இருந்துகொள்ளலாம்.

செய்யக் கூடாதவர்களும் உண்டு. பாதத்தில் புண் திறந்திருந்தால் நின்று செய்யும் எதுவும் கிடையாது. பாதம் திடீரெனச் சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தால், வலியே இல்லாவிட்டாலும், உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரைகளோ எடுப்பவர்கள், இரத்தச் சர்க்கரை 90 மி.கி.க்குக் கீழே இருந்தால், ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். விழித்திரையில் இரத்தக்கசிவு உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துச் செய்யும் எதையும் தவிர்க்க வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது எல்லோருக்கும் உண்டு. குனிய முடியாதவர்களுக்கு ஒரு கைக்கண்ணாடி போதும்.

செருப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது. மெத்தென்ற தடித்த அடிப்பாகம் புண்ணைத் தடுக்கிறது, ஆனால் மிச்சமுள்ள உணர்வையும் மங்கவைக்கிறது. வெறுங்காலில் தரை நன்றாகத் தெரியும். ஆனால் மதிய வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றிவந்த சர்க்கரை நோயாளிகள் உள்ளங்கால் கொப்பளித்து மருத்துவமனைக்கு வருவது நம் ஊரில் புதிதல்ல. நடுவழி: எம்.சி.ஆர். இருக்கட்டும், ஆனால் அளவுக்கு மீறித் தடிமன் வேண்டாம், குதிகால் அகலமாக, பின்வார் கட்டியதாக இருக்கட்டும். மழைக்காலத்தில் போடும் தேய்ந்த ரப்பர் செருப்பு இரண்டு வகையிலும் கெடுதல்.

பயிற்சி தேவையா என்று தாங்களே பார்த்துக்கொள்ள விரும்புகிறவர்கள், பிடிமானம் அருகில் இருக்க, ஒற்றைக் காலில் பத்து விநாடி நின்று பார்க்கலாம். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரிடம் இதைச் செய்துபார்த்தபோது ஐவரில் ஒருவர் தோற்றார். தோற்றவர்களிடையே நீரிழிவு மூன்று மடங்கு அதிகம். 2022இல் வந்த இந்த ஆய்வை 'பத்து விநாடி நிற்காவிட்டால் சாவு' என்று தலைப்பிட்டு மிரட்டினார்கள். நிற்க முடியாதவர்கள் அடுத்த ஆண்டுகளில் அதிகமாக இறந்தது உண்மை. ஆனால் அவர்கள் ஏற்கெனவே நோய் அதிகம் உள்ளவர்கள். இந்தச் சோதனையைச் சாவுக்கு நாள் குறிக்கும் ஜாதகமாகப் பார்க்காமல், பிசியோதெரபிஸ்டிடம் போக வேண்டுமா என்று அறியும் வழியாகப் பயன்படுத்தினால் நல்லது. வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட் தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உண்டு. சர்க்கரை மாத்திரையும் அதே திட்டத்தில்தான் வீடு தேடி வருகிறது. மாத்திரை கொடுக்க வருகிறவரிடம், காலில் தள்ளாட்டம் இருக்கிறது என்று சொல்லிவைப்பது நம் கையில் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் ஒருவர் விழலாம். அதனால் நல்ல பயிற்சியாளர்கள் எழுவதையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட தலைமுறைக்கு இது தினசரிப் பழக்கமாக இருந்தது. சாப்பாட்டு மேசை வந்தபின் பல வீடுகளில் தரையிலிருந்து எழுந்த நாளே நினைவில்லை. (அதற்காக மணிக்கணக்கில் சம்மணம் போட வேண்டாம், மரத்த காலில் வெளிக்கணுவின் எலும்பு தரையில் அழுந்திப் புண்ணாகும்.) விழுந்தால் பதறி எழாமல், முதலில் கைகால் அசைகிறதா என்று பார்த்து, ஒருக்களித்துத் திரும்ப வேண்டும். முழங்கையை ஊன்றி மண்டியிட்டு, கனமான நாற்காலியை நோக்கித் தவழ வேண்டும். அதன்மேல் இரு கையையும் வைத்து, வலுவான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். உடனே நடக்கக் கூடாது. வலிக்கவில்லை என்று விட்டுவிடாமல் இரண்டு பாதத்தையும் கணுக்காலையும் வெளிச்சத்தில் பார்த்து, எங்காவது வீங்கியிருந்தால் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.